23 மாதச் சிறை எப்படி வந்தது: வர்ஜீனியா நாய்ச்சண்டை வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

விலங்குகளை மோதவிட்டுப் பணம் கட்டுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம், "எத்தனை வருஷம் போடலாம்?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். மூன்று வருடமா, ஐந்து வருடமா என்ற கணக்கு தேவைதான். ஆனால் ஒரு குற்றவாளி உண்மையில் எத்தனை மாதம் உள்ளே இருப்பான், பிடிபட்ட விலங்கு உயிரோடு இருக்குமா, அதற்குத் தீனி வாங்கிப் போடுவது யார் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை வேறு சில பிரிவுகள். அவற்றை யாரும் மேடையில் பேசுவதில்லை. அந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றும் எங்கே பிடித்தன, எங்கே வழுக்கின என்பதை ஒரே வழக்கில் பார்க்க முடியும் என்றால் அது 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த நாய்ச்சண்டை வழக்குதான்.

வழக்கின் முதன்மைக் குற்றவாளி அந்நாளில் நாடறிந்த அமெரிக்கக் கால்பந்து வீரர். தண்டனையை அனுபவித்து முடித்தவர். அவர் யார் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமில்லை. அவரையும் மற்றவர்களையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்.

பின்னணி

2001இல் அந்த வீரர் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 15 ஏக்கர் நிலம் ஒன்றை வாங்கினார். அவரும் கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து அங்கே ஒரு நாய்ப்பண்ணை தொடங்கினார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்து, அந்தப் பெயர் போட்ட சட்டையும் அச்சடித்துக்கொண்டார்கள். சாலையிலிருந்து பார்த்தால் வெள்ளை வீடு. பின்னால் மரங்களுக்குள் கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள். அதில் ஒன்றின் மாடிதான் சண்டைக் களம்.

தொழில் நடந்த விதத்தைக் குற்றப்பத்திரிகை விரிவாகச் சொல்கிறது. பிட்புல் நாய்களை வாங்குவார்கள், இனப்பெருக்கம் செய்வார்கள். குட்டிகள் வளர்ந்ததும் ஒன்றோடொன்று சிறிது நேரம் மோதவிட்டுச் சோதிப்பார்கள். தேறியவற்றுக்குப் பயிற்சி தந்து, எடைக்கு எடை ஜோடி சேர்த்து, வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, நியூஜெர்சி என்று மாநிலம் விட்டு மாநிலம் எதிராளிகளோடு மோதவிட்டார்கள். ஒரு சண்டைக்குப் பல ஆயிரம் டாலர் பந்தயம். சோதனையில் சண்டைபோட மறுத்த நாய்களைக் கொன்றுவிடுவார்கள். 2007 ஏப்ரலில் மட்டும் அப்படி ஆறு முதல் எட்டு நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றதைக் குற்றவாளிகளே பின்னர் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

துப்பாக்கியால் சுட்டது, மின்சாரம் பாய்ச்சியது, தரையில் அறைந்தது என்று குற்றப்பத்திரிகையில் இன்னும் இருக்கிறது. நாய் செய்த குற்றம், இன்னொரு நாயைக் கடிக்க மாட்டேன் என்று பின்வாங்கியது. படிக்கும்போது கை நடுங்குகிற பக்கங்கள் அவை. 'இது கிராமத்துப் பொழுதுபோக்கு' என்று வாதாடுகிறவர்கள் அவற்றை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அன்று இருந்த சட்டம்

அமெரிக்காவில் மாநிலச் சட்டம் வேறு, நாடு முழுமைக்குமான ஃபெடரல் சட்டம் வேறு. வர்ஜீனியா மாநிலச் சட்டத்தில் நாய்ச்சண்டை நடத்துவது அப்போதே கடுங்குற்றம்; ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஏட்டில் கடுமை இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெடரல் சட்டம் பலவீனமாக இருந்தது. 1966இல் வந்த விலங்கு நலச் சட்டத்தில் 1976இல்தான் சண்டைக்கான பிரிவு சேர்ந்தது. அதிகபட்சத் தண்டனை ஓர் ஆண்டு. அமெரிக்க வகைப்பாட்டில் அது சிறுகுற்றம். சிறுகுற்றம் என்றால் வழக்கறிஞர் அலுவலகம் மேசையில் முன்னால் வைக்காது. புலனாய்வு அதிகாரி மாதக்கணக்கில் அலையமாட்டார். போதைப்பொருள், துப்பாக்கி, மோசடி என்று கோப்புகள் குவிந்துகிடக்கும் இடத்தில், ஓர் ஆண்டுக்கு மேல் போகாத வழக்குக்கு ஆள் ஒதுக்குவது அபூர்வம். சட்டம் ஒரு குற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்புதான் காவல்துறை அதற்குக் கொடுக்கும் நேரம்.

அதை மாற்றத்தான் 2007 மே 3 அன்று விலங்குச் சண்டைத் தடை அமலாக்கச் சட்டம் கையெழுத்தானது. ஓர் ஆண்டு மூன்று ஆண்டானது, சிறுகுற்றம் கடுங்குற்றமானது. சேவற்கட்டுக்கான கத்திகளை மாநிலம் தாண்டி விற்பதும் குற்றமானது. இந்த வழக்கின் முதல் சோதனை நடந்தது ஏப்ரல் 25. எட்டு நாள் வித்தியாசம்.

ஏப்ரல் 25: கண்டவை

சோதனைக்குப் போனவர்கள் நாயைத் தேடிப் போகவில்லை. அந்த வீரரின் உறவினர் ஒருவர் கஞ்சா வழக்கில் பிடிபட்டபோது இந்த வீட்டைத் தன் முகவரியாகச் சொல்லியிருந்தார். போதைப்பொருள் தேட வாரண்டோடு போனவர்கள் கொல்லைப்புறத்தில் நாய்களைப் பார்த்துவிட்டு, அதற்கென்று இன்னொரு வாரண்ட் வாங்கிவந்தார்கள்.

50க்கும் மேற்பட்ட பிட்புல்கள் இருந்தன. பலவற்றைக் கனத்த சங்கிலியால் கட்டியிருந்தார்கள். சங்கிலியின் மறுமுனை மண்ணில் புதைத்த கார் அச்சில். அச்சு சுழல்வதால் சங்கிலி சிக்காது; நாய் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். பக்கத்து நாயைப் பார்க்க முடியும், தொட முடியாது. அந்த இடைவெளியை அளந்தே வைத்திருப்பார்கள்; நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து வெறியேற வேண்டும் என்பதற்காக. நாய் ஓடுவதற்கான டிரெட்மில்கள், கவ்விய வாயைப் பிரிக்கும் கட்டை, இணைய மறுக்கும் பெண்நாயை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டகம், ஊசிமருந்துகள், பாதி எரிந்த இரத்தக் கறைக் கம்பளம் ஆகியவையும் கிடைத்தன.

இந்தப் பொருட்களில் எதுவும் தனியாக எடுத்தால் சட்டவிரோதமில்லை. டிரெட்மில் வைத்திருக்கலாம், ஊசிமருந்தும் வைத்திருக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில், தழும்பு விழுந்த நாய்களோடு சேர்ந்து கிடந்ததுதான் சான்று. நாய்ச்சண்டைக்காரர்களைச் சண்டை நடக்கும் நேரத்தில் பிடிப்பது மிக அரிது. நள்ளிரவில், தெரிந்தவர்களுக்கு மட்டும், கடைசி நிமிடத்தில் இடம் சொல்லி நடத்துவார்கள். ஆகவே தடயங்களை வைத்து வழக்குக் கட்டத் தெரிந்த அதிகாரி இருந்தால்தான் வழக்கு.

உள்ளூரில் தயக்கம்

அடுத்து நடந்தது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஐந்து ஆண்டுச் சிறைக்கு இடமளிக்கும் மாநிலச் சட்டம் கையில் இருந்தும் வழக்கு நகரவில்லை. நாய்களைப் புதைத்த இடம் எது என்று தகவல் வந்து, தோண்டிப் பார்க்க மே மாதத்தில் வாரண்டும் வாங்கினார்கள். அதைச் செயல்படுத்தாமலே காலாவதியாக விட்டார்கள். வாரண்டின் வாசகம் சரியில்லை, அவசரப்படக் கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. எதிராளி கோடீஸ்வர விளையாட்டு வீரர், கவுண்டியோ சிறியது. அந்தத் தயக்கத்துக்கு உள்நோக்கம் கற்பிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் விளைவு தெளிவு: தடயம் மண்ணுக்குள் அழுகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஃபெடரல் வேளாண் துறையின் புலனாய்வாளர்கள் இறங்கினார்கள். அவர்களே ஃபெடரல் வாரண்ட் பெற்று ஜூன் 7 அன்று நிலத்தைத் தோண்டினார்கள். ஜூலையில் மீண்டும் வந்தார்கள். கிடைத்த நாய் உடல்களைத் தடயவியல் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆய்ந்தார். கழுத்திலும் மண்டையிலும் தெரிந்த காயங்களை வைத்து எந்த நாய் எப்படிச் செத்தது என்று சொல்ல முடிந்தது. பிறகு வந்த வாக்குமூலங்களோடு அது பொருந்தியது. விலங்கு வழக்கில் தடயவியல் என்ற துறை பொதுமக்கள் கண்ணில் பட்டது இந்த வழக்குக்குப் பின்னர்தான்.

உள்ளூர் அதிகாரி தயங்கினால் இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்த அந்த இரண்டாவது கதவு இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை.

குற்றச்சாட்டு வடிவமைப்பு: எடுத்த முடிவும் காரணமும்

ஃபெடரல் வழக்கறிஞர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சண்டைகள் நடந்தது 2002 முதல் 2007 ஏப்ரல் வரை. புதிய மூன்றாண்டுச் சட்டம் மே 3க்குப் பிறகு நடந்த செயல்களுக்கே பொருந்தும். செய்தபோது இல்லாத தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு ஏற்ற முடியாது. பழைய பிரிவில் போட்டால் ஓர் ஆண்டு.

அவர்கள் கூட்டுச்சதிப் பிரிவைக் கையில் எடுத்தார்கள். மாநில எல்லை தாண்டிச் சட்டவிரோதச் சூதாட்டத் தொழில் நடத்தவும், நாய்களைச் சண்டையில் இறக்கவும் நால்வரும் சேர்ந்து திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அதாவது நாய்களைச் சித்திரவதை செய்ததற்கான சட்டத்தில் பல் இல்லாததால், பணத்துக்காகப் பயணம் செய்ததற்கான சட்டத்தின் பல்லை இரவல் வாங்கினார்கள். ஜூலை 17 அன்று கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) குற்றப்பத்திரிகையை ஏற்றது.

இது புத்திசாலித்தனமான முடிவு. அதே நேரம் அதன் விலையையும் சொல்ல வேண்டும். மாநில எல்லை தாண்டாமல் ஓர் ஊருக்குள்ளேயே நடத்துகிறவன்மேல் இந்தப் பிரிவு பாயாது. நாய்களைக் கொன்றது தனிக் குற்றமாக இந்தக் குற்றப்பத்திரிகையில் இல்லை; சதியின் ஒரு பகுதியாகத்தான் வருகிறது. கொலைகளைக் கொடுமைக் குற்றமாகத் தொடுக்க வேண்டியது மாநிலம். செப்டம்பரில் சர்ரி கவுண்டி கிராண்ட் ஜூரி முன் அது வந்தபோது, எட்டு நாய்களைக் கொன்றதற்கான எட்டுக் குற்றச்சாட்டுகளையும் அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள்.

தண்டனை: எண்களின் கதை

ஜூலை 30 அன்று கூட்டாளிகளில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியானார். ஆகஸ்ட் 17இல் மற்ற இருவர். தனித்து நின்ற வீரர் ஆகஸ்ட் 27 அன்று ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டனை வழிகாட்டியில் ஒரு தொடக்க எண் உண்டு. அதில் கூட்டிக் கழித்து வரும் எண்ணுக்கு நேராக இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று அட்டவணை சொல்லும். சட்டத்தில் ஐந்து ஆண்டு என்று இருந்தாலும் நீதிபதி முதலில் பார்ப்பது இந்த அட்டவணையைத்தான். விலங்குச் சண்டைக்கு அன்று அந்த எண் மிகக் குறைவு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் 2 கழியும். முன்குற்றம் இல்லாதவருக்கு மிஞ்சும் எண்ணுக்கு நேரே இருந்தது பூஜ்யம் முதல் 6 மாதம். சிறைக்கே போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு வீட்டுக்குப் போகலாம்.

ஐந்து ஆண்டு நடத்திய தொழில், புதைகுழியில் நாய்கள், லட்சக்கணக்கில் பணம். அட்டவணையோ ஆறு மாதம் என்கிறது. இந்தக் கொடுமையை அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை என்று அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதி, எண்ணை உயர்த்திக்கொண்டன. அப்படித்தான் 12 முதல் 18 மாதம் என்ற வரம்பு வந்தது. எதிர்த்தரப்பு சம்மதித்ததற்கு, ஒப்புக்கொண்ட மூன்று கூட்டாளிகளின் சாட்சியம் எதிரே நின்றது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 10 அன்று நீதிபதி அந்த வரம்பையும் தாண்டி 23 மாதம் விதித்தார். நாய்களைக் கொன்றதில் தன் பங்கைப் பற்றி அந்த வீரர் விசாரணையாளர்களிடம் முதலில் உண்மை சொல்லவில்லை; பொய் கண்டறியும் சோதனைக்குப் பிறகே ஒப்புக்கொண்டார். ஜாமீனில் இருந்தபோது கஞ்சா பயன்படுத்தியதும் தெரிந்தது. முழுப் பொறுப்பேற்றதாகத் தெரியவில்லை என்பது நீதிபதியின் கருத்து. கூட்டாளிகளில் இருவருக்கு 21, 18 மாதங்கள். முதலில் சாட்சியானவருக்கு 2 மாதம்.

மாநில வழக்கு 2008 நவம்பரில் முடிந்தது. ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார், இன்னொன்று கைவிடப்பட்டது. மூன்றாண்டுத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்த சட்டத்தின் கீழ் ஒரு நாள் கூடச் சிறை இல்லை.

நாய்கள்

சண்டை வழக்கில் பிடிபட்ட நாய்களை அதுவரை என்ன செய்வார்கள்? வழக்கு முடியும் வரை சான்றுப் பொருளாகக் கூண்டில் வைப்பார்கள், முடிந்ததும் கொல்வார்கள். காப்பாற்றினோம் என்று சொல்லிப் பிடித்துவந்து ஊசி போட்டு முடிப்பது. இந்த வழக்கிலும் நாட்டின் பெரிய விலங்குநல அமைப்புகள் இரண்டு அதையே பரிந்துரைத்தன. இவை ஆபத்தானவை, மாற்ற முடியாதவை என்பது அன்றைய பொதுக் கருத்து.

ஃபெடரல் வழக்கறிஞர்கள் வேறு முடிவெடுத்தார்கள். நாய்களின் மீதே பறிமுதல் வழக்கு தொடுத்தார்கள். நீதிமன்ற ஆவணத்தில் பிரதிவாதி 'ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்'. குற்றவழக்கு முடியக் காத்திராமல் உடைமை அரசுக்கு மாறியது. செப்டம்பரில் விலங்கு நடத்தை நிபுணர் குழு ஒன்று 49 நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. மனிதர் கை நீட்டினால் என்ன செய்கிறது, தீனித்தட்டை நகர்த்தினால் என்ன செய்கிறது, பொம்மை நாயைக் காட்டினால், உண்மை நாயைக் காட்டினால் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தார்கள்.

பல நாய்கள் எதுவுமே செய்யவில்லை. ஆள் உள்ளே வந்ததும் வயிற்றைத் தரையோடு ஒட்டி, நான்கு காலையும் பரப்பி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே கிடந்தன. தூக்கி நிறுத்தினாலும் திரும்பத் தரையோடு ஒட்டிக்கொண்டன. சண்டை நாய் என்றதும் உலகம் எதிர்பார்த்தது பாய்ச்சலை. நிபுணர்கள் கண்டது பயத்தை.

குணத்தின் காரணமாகக் கருணைக்கொலைக்குப் பரிந்துரைக்கப்பட்டது ஒரே ஒரு நாய். மீண்டும் மீண்டும் குட்டி போட வைக்கப்பட்ட பெண்நாய் அது. இன்னொன்று நோயால் கொல்லப்பட்டது. மற்றவற்றுக்காகச் சட்டப் பேராசிரியர் ஒருவரை நீதிமன்றம் பொறுப்பாளராக நியமித்தது. அவர் ஒவ்வொரு நாயின் நிலையையும் பார்த்து, 47 நாய்களையும் வெவ்வேறு அமைப்புகளிடம் ஒப்படைத்தார். கடினமான 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் ஒரு சரணாலயத்துக்குப் போயின. 10 நாய்கள் கலிபோர்னியாவுக்கு. லியோ என்ற நாய் பின்னாளில் புற்றுநோயாளிகளின் படுக்கையருகே போய் உட்கார்ந்தது. ஜானி என்ற நாய் குழந்தைகள் வாசித்துப் பழகத் துணையிருந்தது. எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை. லூக்காஸ் என்ற நாய் சண்டைகளில் ஜெயித்தது என்பதால் வாழ்நாள் முழுவதும் சரணாலயத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அங்கேயே இருந்து செத்தது.

பணம் யார் கொடுத்தார்கள்? குற்றவாளி. நாய்களின் பராமரிப்புக்காக ஏறத்தாழ 9,28,000 டாலரை அந்த வீரர் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஓர் அம்சம். அவர் கட்டினார். அபராதமாக விதிக்கப்பட்ட 5,000 டாலரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். இந்தத் தொகைதான் நாயின் தட்டுக்குப் போனது. குற்றவாளி வசதியில்லாதவராக இருந்திருந்தால் இதே நாய்களின் கதி வேறாகியிருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. வட கரோலினாவில் பிடிபட்ட 120க்கும் மேற்பட்ட நாய்கள், குட்டிகள் உட்பட, தனித்தனியாகச் சோதிக்கப்படாமலே 2009 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவின்படி கொல்லப்பட்டன. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான், ஒவ்வொரு நாயையும் தனியாக மதிப்பிட வேண்டும் என்ற நிலைக்கு அந்தப் பெரிய அமைப்புகளில் ஒன்று வந்தது.

அதன் பிறகு சட்டத்தில் வந்தவை

2008இல் ஐடஹோவும் வயோமிங்கும் நாய்ச்சண்டையைக் கடுங்குற்றமாக்கின. அத்தோடு 50 மாநிலங்களிலும் அது கடுங்குற்றமாகிவிட்டது. அதே ஆண்டு ஃபெடரல் அதிகபட்சம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டானது. 2014இல் வேடிக்கை பார்ப்பதும் குற்றமானது: ஓர் ஆண்டு வரை சிறை; 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூட்டிப்போனால் மூன்று ஆண்டு வரை. 2018 சட்டத்தால் புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பகுதிகளும் தடைக்குள் வந்தன.

பார்வையாளர் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடுமை என்று தோன்றலாம். ஆனால் களத்தில் போலீஸ் நுழைந்ததும் நாயைப் பிடித்திருந்தவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தில் ஒருவனாக நின்றுகொள்வான். "சும்மா பார்க்க வந்தேன்" என்பான். பார்ப்பது குற்றமில்லை என்றால் அத்தனை பேரும் பார்க்க வந்தவர்களே. வாசலில் வசூலாகும் பணமும் பந்தயப் பணமும் பார்வையாளன் கையிலிருந்துதான் வருகிறது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் 2016 நவம்பர் 1 அன்று சத்தமில்லாமல் வந்தது. தண்டனை வழிகாட்டியில் விலங்குச் சண்டையின் தொடக்க எண்ணை 10லிருந்து 16 ஆக்கினார்கள். எண் 16ஐ எட்டினால், ஒப்புக்கொண்டதற்கு 2க்குப் பதில் 3 வரை கழியும்; 16லிருந்து 3 கழித்தால் 13. அட்டவணையில் 13க்கு நேரே இருப்பது 12 முதல் 18 மாதம். 2007இல் இரு தரப்பும் பேசி, பிரபலமான ஒரு வழக்கில் மட்டும் தனியாக உயர்த்திக்கொண்ட அதே வரம்பு, பெயர் தெரியாத எந்த நாய்ச்சண்டைக்காரனுக்கும் இப்போது தொடக்கப் புள்ளி. அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்பது 2008இலேயே வந்துவிட்டது. அது சிறைக் கதவைத் திறக்க எட்டு ஆண்டு கழித்து வந்த இந்த ஓர் எண் தேவைப்பட்டது.

நம் சட்டத்தில் என்ன மாற வேண்டும்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. சண்டைக்கு இடம் நடத்தினாலோ விலங்கை மோதவிட்டாலோ முதல் முறை அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேவற்கட்டில் ஒரு ஜோடிக்குப் பிடிக்கும் பந்தயத்துக்கு முன்னால் இது ஒரு டீச்செலவு. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தண்டனைகள் போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. மிகக் கொடூரமான செயல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அதில் இருந்தது. வரைவு வரைவாகவே நின்றது.

அபராதம் உயர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வர்ஜீனியா வழக்கை வைத்துப் பார்த்தால் அதோடு சேர்ந்து மாற வேண்டியவை வேறு சில. முதலாவது, காவலர் கையில் அதிகாரம். இப்போது இடம் நடத்துகிறவனை வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். சேவலைக் களத்தில் இறக்குகிறவன்மேல் இருக்கும் உட்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் பெரும்பாலும் சூதாட்டச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள். வர்ஜீனியாவில் செய்ததைப் போலவே இரவல் பல். பார்வையாளரை நம் பிரிவு தனியாகக் குறிப்பிடவே இல்லை. பிடிபட்ட விலங்கின் செலவைப் பொறுத்தவரை நாம் அவ்வளவு மோசமில்லை. வழக்கு நடக்கும்போதே பராமரிப்புச் செலவுக்கு உரிமையாளரிடம் பிணை வாங்கலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விதியைக் கேட்டு மனுப்போடும் வழக்கறிஞர்கள் கூடினால் போதும்.

ஆனால் குறைந்தபட்சத் தண்டனை எழுதப்படாவிட்டால் அதிகபட்சம் ஏட்டோடு நிற்கும். நம் நீதிமன்றங்களில் அமெரிக்காவில் இருப்பது போன்ற அட்டவணை கிடையாது. மூன்று ஆண்டு வரை அல்லது அபராதம் என்று எழுதினால், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகும் வழக்கம் அப்படியே தொடரும். திருத்தத்தில் 'அல்லது' எங்கே வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக 36ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்துக்கு, அது நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வர்ஜீனியாவில் ஃபெடரல் புலனாய்வாளர்கள், தடயவியல் மருத்துவர், இரண்டு முறை தோண்டல் எல்லாம் இருந்தும், முதல் சோதனையிலிருந்து குற்றப்பத்திரிகை வரை 83 நாள் ஆனது. 36ஆம் பிரிவு அங்கே இருந்திருந்தால் 2002 முதல் நடந்த சண்டைகளில் அநேகமாக ஒன்றைக்கூட நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. தண்டனையை ஐந்து ஆண்டாக உயர்த்திவிட்டு இந்த ஒரு பிரிவை அப்படியே விட்டால், மூன்று மாதம் ஒளிந்திருக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஐந்து ஆண்டு பொருந்தாது. திருத்த வரைவு மறுபடி வரும்போது 11ஆம் பிரிவோடு 36ஆம் பிரிவும் மேசைக்கு வர வேண்டும். கருத்துக் கேட்கும்போது எழுதி அனுப்புகிறவர்கள் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.